முதல்ல இறுக்கு, அப்புறம் கழட்டு! – துருப்பிடிச்ச சஸ்பென்ஷன் அட்ஜஸ்டரை விடுவிக்கும் பாடம்

எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் எழுதுற கட்டுரை இது. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க. ஆனா மேட்டர் முழுக்க நானே கையில கிரீஸ் பூசிக்கிட்டு கத்துக்கிட்டது. மெக்கானிக்கல் பசங்க மட்டும் இல்ல, வீட்ல ஒரு பழைய கார் நிக்கிற எல்லாருக்கும் இது பயன்படும்.

எங்க ஊர் திருவிடைமருதூர். கும்பகோணத்துல இருந்து மயிலாடுதுறை போற ரோட்ல, திருபுவனம் தாண்டினதும் வரும். சித்தப்பாகிட்ட ஒரு டொயோட்டா குவாலிஸ் இருக்கு. 2000-ல இந்தியாவுக்கு வந்து, 2005-ல இன்னோவா வந்ததும் விடைபெற்ற அதே வண்டி. கல்யாணம், காதுகுத்து, நவக்கிரக கோயில் டூர்னு அவருடைய வருமானமே அந்த ஒரு வண்டிதான்.

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப, வண்டி முன்னாடி வலது பக்கம் கொஞ்சம் சாஞ்சு நின்னுச்சு. கீழ குனிஞ்சு பாத்தா, வலது டயரோட உள்பக்கம் தேஞ்சு நூல் தெரியுது. வெளிப்பக்கம் பட்டன் நல்லாவே இருக்கு! நின்னுக்கிட்டு பாத்தா டயர் புதுசு மாதிரிதான் தெரியும். அந்த டயரோட சித்தப்பா அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு குடும்பத்தை ஏத்திக்கிட்டு திருநள்ளாறு போயிட்டு வந்திருக்கார்.

"அலைன்மெண்ட் பாக்கலையா சித்தப்பா?"

"பாத்தேன்டா. போல்ட்டெல்லாம் ஜாம் ஆயிடுச்சு, திருப்ப முடியாது, இப்படியே ஓட்டுங்கன்னு சொல்லி பில்லை மட்டும் கையில குடுத்துட்டான்."

தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. எங்க ஊர்ல தேரோட்டம், வெளியூர்க் கூட்டம், நடுவுல மூணு முகூர்த்தம். எல்லாத்துக்கும் சித்தப்பா அட்வான்ஸ் வாங்கிட்டார். "நான் பாத்துக்கறேன்"னு சொன்னேன். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிருக்கேன்ல!

அதுக்கப்புறம் நடந்ததுதான் இந்தப் பாடம்.

1. எதை அட்ஜஸ்ட் பண்றோம்?

இன்னைக்கு வர்ற பெரும்பாலான கார்கள்ல முன்னாடி காயில் ஸ்பிரிங் இருக்கும். குவாலிஸ்ல அது கிடையாது. அங்க ஸ்பிரிங் வேலையைச் செய்யறது ஒரு நீளமான இரும்புத் தண்டு, அதுதான் டார்ஷன் பார். பழைய அம்பாசிடர்லயும் முன்னாடி இந்த முறைதான். தண்டோட ஒரு முனை வீலைத் தாங்குற ஆர்ம்ல இருக்கும். இன்னொரு முனை சேஸிஸோட குறுக்குச் சட்டத்துக்கிட்ட, ஆங்கர் ஆர்ம்னு ஒரு சின்ன கைக்குள்ள உக்காந்திருக்கும். வீல் மேல ஏறினா தண்டு முறுகும், அந்த முறுக்கு திரும்பி வீலைக் கீழ தள்ளும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல மனப்பாடம் பண்ணின டார்ஷன் ஈக்வேஷன் ஞாபகம் இருக்கா? அது இரும்பா மாறி வண்டிக்கு அடியில தொங்குது, அவ்வளவுதான்.

அந்த ஆங்கர் ஆர்மை ஒரு நீளமான போல்ட் பிடிச்சிருக்கும். அதுல அட்ஜஸ்டிங் நட்டு ஒண்ணு, அது தானா நகராம இருக்க லாக் நட்டு ஒண்ணு. அட்ஜஸ்டிங் நட்டை இறுக்கினா ஆங்கர் ஆர்ம் திரும்பும், வண்டி அந்தப் பக்கம் உயரும். லூஸ் பண்ணினா இறங்கும்.

இங்க ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு. "அதை டைட் வச்சா சஸ்பென்ஷன் ஹார்டா ஆயிடும்"னு நிறைய டிரைவர்கள் சொல்வாங்க. தண்டோட விறைப்பை முடிவு பண்றது அதோட விட்டம், நீளம், என்ன உலோகம்ங்கறதுதான். போல்ட்டைத் திருப்பறதால இந்த மூணும் மாறாது. எந்த உயரத்துல இருந்து ஆரம்பிக்குதுங்கறது மட்டும்தான் மாறும்.

வருஷக்கணக்கா ஓடினா தண்டு கொஞ்சம் தளரும். டிரைவர் மட்டும் தனியா ஓட்டுற நேரம் அதிகம்ங்கறதால நம்ம ஊர் வண்டிங்க வலது பக்கம் இறங்கறது சகஜம். உயரம் இறங்கினா கேம்பரும் டோவும் மாறும், டயர் ஒரு பக்கமா தேயும். போல்ட்டைச் சில சுத்து திருப்பி, டை ராடைச் சரிபண்ணினா முடிஞ்சது. ஆனா போல்ட் திரும்பணுமே!

2. நம்ம ஊர்ல ஏன் இப்படிப் பிடிச்சுக்குது?

இரும்பு துருப்பிடிக்க தண்ணியும் ஆக்சிஜனும் போதும். குளோரைடு உப்பு சேர்ந்தா வேகம் கூடும். டெல்டாவுல மூணும் தாராளம்.

முதல்ல சேறு. குறுவைக்கும் சம்பாவுக்கும் சேத்து உழவு ஓட்டிட்டு டிராக்டர் ரோட்ல ஏறும்போது கேஜ் வீல்ல இருந்து சேறு கொட்டிக்கிட்டே போகும். நம்ம வண்டி அதுமேல ஓடும். களிமண் ஆங்கர் ஆர்ம் இடுக்குல போய் அப்பிக்கும். மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள நாள்கணக்கா ஈரம் பிடிச்சு வச்சிருக்கும்.

ரெண்டாவது கடல் காத்து. நவக்கிரக டூர்ல கீழப்பெரும்பள்ளம், திருவெண்காடு, திருநள்ளாறு எல்லாம் கடலோரத்தை ஒட்டின பக்கம். கீழப்பெரும்பள்ளத்துல இருந்து பூம்புகார் கூப்பிடு தூரம். வந்தவங்க கடலையும் பாத்துட்டுதான் திரும்புவாங்க.

மூணாவது நான் யோசிக்காதது. சீசன் இல்லாத நாள்ல சித்தப்பா பின் சீட்டை மடக்கிட்டு வயலுக்கு உர மூட்டை ஏத்துவார். பொட்டாஷ்னு நாம சொல்ற உரம் பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்போட பங்காளி! மூட்டையில இருந்து சிந்தினது தரை ஓட்டை வழியா சேஸிஸ் மேல போய் உக்காரும்.

சரி, துரு வந்தா ஏன் நட்டு பிடிச்சுக்குது? துரு, தான் தின்ன இரும்பை விட அதிக இடம் கேட்கும். எந்த வகைத் துருங்கறதைப் பொறுத்து 2 மடங்குல இருந்து 6 மடங்கு வரைக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல இருக்கறது முடி அளவு இடைவெளி. அதுக்குள்ள துரு வீங்கி ஆப்பு வச்ச மாதிரி இறுக்கிடும். நாம பலத்தைக் காட்டினா துரு ஒண்ணும் ஆகாது. ஒடியறது போல்ட்தான்.

3. நான் பண்ணின தப்பு

முதல்ல டை ராடுல இருந்து ஆரம்பிச்சேன். கிளாம்ப் போல்ட் ஒண்ணு திரும்பல. வீட்டுக் கொல்லையில கிடந்த ரெண்டடி பைப்பை ஸ்பேனர்ல சொருகி, முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன். ஒரு வினாடி ரப்பர் மாதிரி கொடுத்துச்சு. "ஆஹா, வந்துடுச்சு"ன்னு நினைச்சேன். டப்! போல்ட் தலை கையில, மிச்சம் கிளாம்புக்குள்ள.

அப்புறமா ஹாஸ்டல்ல உக்காந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க. 12 மி.மீ. போல்ட், 8.8 கிரேடுன்னு வச்சுக்குவோம். மரையோட அடிப்பகுதியில விட்டம் சுமார் 10 மி.மீ. அந்த கிரேடோட இழுவிசை வலிமை 800 மெகாபாஸ்கல், முறுக்குக்கு அதுல 60 சதவீதம்னு எடுத்தா 480. கணக்குப் போட்டா ஏறக்குறைய 125 நியூட்டன் மீட்டர்ல போல்ட் முறுகி ஒடிஞ்சிடும். இது நல்ல போல்ட்டுக்கு. துரு தின்ன போல்ட்டுக்கு இன்னும் குறைவு.

என் பக்கக் கணக்கு என்ன? எடை 60 கிலோ, அதாவது 600 நியூட்டன். பைப் நீளம் 0.6 மீட்டர். பெருக்கினா 360 நியூட்டன் மீட்டர். போல்ட் தாங்கறதைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஒடியாம இருந்தாத்தான் ஆச்சரியம்!

அதோட நிறுத்தியிருந்தா புத்திசாலி. நான் அதே பைப்பை எடுத்துக்கிட்டு அடுத்து டார்ஷன் பார் போல்ட்டுக்குப் போனேன். வண்டி நாலு வீல்ல நின்னுக்கிட்டு இருக்கு, நான் அடியில மல்லாக்க படுத்திருக்கேன், முகத்துக்கு நேரா ஆங்கர் ஆர்ம்.

அப்பதான் தெரு முனையில ஒர்க்‌ஷாப் வச்சிருக்கற மெக்கானிக் பாய் வண்டி ஓரமா வந்து நின்னார். அவர் செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரியுது.

"தம்பி, கையில இருக்கறதைக் கீழ வையுங்க. மெதுவா வெளிய வாங்க."

வெளிய வந்தேன். அவர் கோவப்படல. "அந்தத் தண்டு வண்டி வெயிட்டைத் தூக்கிக்கிட்டு நிக்குது. போல்ட் ஒடிஞ்சா அந்தக் கை எங்க போய் அடிக்கும்னு பாத்தீங்களா?"ன்னு மட்டும் கேட்டார்.

பாக்கல. கணக்கும் போடல. இப்ப போடுவோம், சும்மா தோராயமா. ஒரு முன் வீல் தாங்கற எடை 350 கிலோன்னு வைங்க. வீலுக்கும் தண்டுக்கும் தூரம் 35 செ.மீ. தண்டுல முறுக்கு 1,225 நியூட்டன் மீட்டர் வரும். ஆங்கர் ஆர்ம் நீளம் 10 செ.மீ.ன்னா போல்ட் மேல இழுவை 12,250 நியூட்டன், அதாவது ஒண்ணேகால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. தண்டு 30 டிகிரி முறுகியிருந்தா அதுல சேமிச்சிருக்கற ஆற்றல் 320 ஜூல் பக்கம். 32 கிலோ கல்லு ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விழற வேகம். அது விழற இடத்துல என் முகம் இருந்துச்சு.

டார்ஷன் ஈக்வேஷனை அஞ்சாறு தடவை பரீட்சையில எழுதியிருக்கேன். அது வண்டிக்கு அடியில இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

4. சரியான முறை: ஒவ்வொரு படியா

அடுத்த மூணு நாள் பாய் சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். வரிசையை மாத்தாதீங்க.

படி 1: அளந்து வைங்க. வீலோட நடுப்புள்ளியில இருந்து மட்கார்டு வளைவு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளங்க. எங்க வண்டியில வலது பக்கம் 25 மி.மீ. குறைவு. தரை மட்டமா இருக்கணும். நான் நெல் காயப்போடற சிமெண்ட் களத்துல நிறுத்தி அளந்தேன். "களத்துல மழைத்தண்ணி வடிய சரிவு வச்சிருப்பாங்க தம்பி"ன்னார் பாய். வழி என்னன்னா, வண்டியை அப்படியே திருப்பி நிறுத்தி மறுபடி அளந்து, ரெண்டுக்கும் சராசரி எடுங்க. அளக்கறதுக்கு முன்னாடி டயர் காத்து, கிழிஞ்ச புஷ் இதெல்லாம் பாத்துடுங்க. புஷ் போனதுக்கு போல்ட்டைத் திருப்பினா வியாதி ஒண்ணு, மருந்து வேற.

அட்ஜஸ்டர் போல்ட்ல நட்டுக்கு வெளிய எத்தனை மி.மீ. மரை தெரியுதுன்னும் வெர்னியர்ல அளந்து எழுதிக்கோங்க. பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க. வழி தவறினா திரும்பி வர அதுதான் அடையாளம்.

படி 2: மரையைச் சுத்தம் பண்ணுங்க. இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. நட்டு எந்த மரை மேல நகரப்போகுதோ, அது முழுக்க துருவும் மண்ணும். நட்டு கழண்டாலும் ரெண்டு சுத்துல அந்தக் குப்பையில மாட்டி மறுபடி இறுகிடும். முதல்ல தண்ணி அடிச்சு சேத்தைக் கரைச்சு, காயவிட்டு, வயர் பிரஷ்ல மரை பளிச்சுன்னு தெரியற வரைக்கும் தேயுங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு! துரு கண்ணுல விழுந்தா அன்னைக்கு வேலை அவ்வளவுதான்.

தேய்ச்ச பிறகு போல்ட்டைப் பாருங்க. நடுவுல இடுப்பு மாதிரி ஒல்லியா இருந்தா அதைத் திருப்பி உபயோகிக்கற ஆசையை விட்டுடுங்க.

படி 3: ஊற விடுங்க. பெனட்ரேட்டிங் ஆயில் நல்லது. டபிள்யூ.டி.40 எல்லார்கிட்டயும் இருக்கும். ஆனா 1953-ல அதை உருவாக்கினதே தண்ணியை விரட்டறதுக்குத்தான். இறுகின நட்டுக்குன்னே தனியா விக்கற ஆயில் இருந்தா அது மேல். பாய் உபயோகிச்சது டீசலோட கொஞ்சம் கியர் ஆயில். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, ரெண்டு நாள். ஒவ்வொரு தடவையும் நட்டோட ஆறு முகத்துலயும் சின்ன சுத்தியல்ல டொக் டொக்னு தட்டணும். தட்டறது துருவுல நுண்ணிய விரிசல் விட. அந்த விரிசல் வழியாத்தான் எண்ணெய் உள்ள போகும்.

ஒடிஞ்ச கிளாம்ப் போல்ட்டை அன்னைக்கே மாத்திட்டு, தேஞ்ச டயரைக் கழட்டி ஸ்டெப்னியைப் போட்டாச்சு. அதனால பாய், "நடுவுல பக்கத்துல இருக்கற சவாரிக்கு மட்டும் வண்டி ஓடட்டும்"னார். சித்தப்பா சூரியனார்கோயில் வரைக்கும் போயிட்டு வந்தார். ரோடு அதிர்வும் சுத்தியல் வேலையைத்தான் செய்யுது. எண்ணெயை உள்ள இறக்குது.

படி 4: சுமையை எடுங்க. உயிரைக் காப்பாத்தற படி இதுதான். பின் வீலுக்கு முன்னயும் பின்னயும் கட்டை. முன்பக்கத்தை ஜாக்ல தூக்கி, சேஸிஸுக்கு அடியில ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு. வெறும் ஜாக்கை நம்பி அடியில போகவே போகாதீங்க. வீல் ரெண்டும் தொங்கணும். அப்ப ஆர்ம் கீழ இறங்கி தண்டோட முறுக்கு பெருமளவு குறைஞ்சிடும், போல்ட் மேல இழுவையும் குறையும். இழுவை குறைஞ்சா மரையில உராய்வு குறையும். திருப்பறது சுலபமாகறதும் பாதுகாப்பும் ஒரே காரணத்தால வருது.

முழுசா பூஜ்யம் ஆகாது, கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்கும். அந்த போல்ட் அவ்வளவு நீளமா இருக்கறதே அந்த மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கத்தான். அதனால முகம் எப்பவும் ஆங்கர் ஆர்முக்கு நேரா இருக்கக்கூடாது, பக்கவாட்டுல இருந்து வேலை செய்யுங்க.

படி 5: முதல்ல இறுக்கு. ஆறு முனை சாக்கெட் இல்ல ரிங் ஸ்பேனர் மட்டும். ஓப்பன் ஸ்பேனர் முனையை மழுக்கிடும். லாக் நட்டுல ஸ்பேனரைப் போட்டு கழட்டற பக்கம் திருப்பப்போனேன்.

"இல்ல தம்பி. முதல்ல இறுக்குங்க. ஒரு மயிரிழை. அப்புறம் கழட்டுங்க."

எனக்குப் பைத்தியக்காரத்தனமா தெரிஞ்சுது. ஆனா யோசிச்சா காரணம் இருக்கு. நட்டு துருப்பிடிச்சது கடைசியா இறுக்கி வச்ச நிலையில. கழட்டற பக்கம் மரையில துரு குவிஞ்சு கிடக்கு, இறுக்கற பக்கம் அவ்வளவு இல்ல. எந்தப் பக்கமா இருந்தாலும் முதல் அசைவு வந்துட்டா துருவோட ஒட்டு உடைஞ்சிடும். அப்புறம் முன்ன கால் சுத்து, பின்ன அரைக்கால், கொஞ்சம் எண்ணெய். முதல் வருஷ ஒர்க்‌ஷாப் லேப்ல டேப் வச்சு மரை போட்டோமே, அதே தாளம்தான்.

கை சொல்றதைக் கேளுங்க. கிரீச்னு சத்தத்தோட கொஞ்சம் நகர்ந்து அங்கேயே நின்னா, நட்டு நகருது, நல்லது. அழுத்தினா கொடுத்து, விட்டா பழைய இடத்துக்கே திரும்பி வந்தா, நகர்றது நட்டு இல்ல. போல்ட்தான் முறுகுது. அங்கேயே நிறுத்துங்க. நான் கிளாம்ப் போல்ட்ல உணர்ந்தேனே அந்த ரப்பர், அது எச்சரிக்கை. எனக்கு அந்த மொழி அப்ப தெரியல.

படி 6: அப்பவும் வரலைன்னா சூடு. நட்டை மட்டும் சூடு பண்ணணும். 12 மி.மீ. நட்டை 200 டிகிரி கூடுதலா சூடாக்கினா ஓட்டை 0.03 மி.மீ. அளவுக்குத்தான் விரியும். அது போதும், ஏன்னா இரும்பும் துருவும் ஒரே அளவு விரியாது, நடுவுல ஒட்டு விட்டுடும். ஆறும்போது மெழுகுவர்த்தியை நட்டு ஓரத்துல தேய்ச்சா, மெழுகு உருகி மரைக்குள்ள இழுத்துக்கிட்டுப் போகும்.

ஆனா மூணு கண்டிஷன். டார்ஷன் பார் மேல சூடு படவே கூடாது, அது பதம் போட்ட ஸ்பிரிங் எஃகு, பதம் இறங்கினா மறுநாளே தொங்கிடும். தண்டு மேல உளி, சுத்தியல் பட்டு வடு விழவும் கூடாது, வடுவுல இருந்துதான் ஃபட்டீக் விரிசல் ஆரம்பிக்கும். ரெண்டாவது, பக்கத்துல டீசல் பைப், பிரேக் பைப், ரப்பர் பூட் எங்க இருக்குன்னு பாத்துக்கோங்க. மூணாவது, எண்ணெய் ஊத்தின இடத்துல தீயைக் காட்டறதுக்கு முன்னாடி துடைங்க, பக்கத்துல வாளியில மணல் வைங்க. இந்த வேலையை பாய் என்னைத் தொட விடல. நீங்களும் அனுபவசாலி கையில விடுங்க.

படி 7: நட்டைப் பலி கொடுங்க. லாக் நட்டு எதுக்கும் மசியலைன்னா உளி வச்சோ ஹேக்ஸா பிளேடாலயோ அதைப் பிளந்து எடுத்துடலாம். நட்டு விலை கொஞ்சம். போல்ட் மரையைக் காப்பாத்துங்க. இதுவும் சுமையை எடுத்த பிறகு, லாக் நட்டுக்கு மட்டும். தண்டைப் பிடிச்சிருக்கற அட்ஜஸ்டிங் நட்டை வெட்டறதைப் பத்தி நினைக்கவே நினைக்காதீங்க.

எங்களுக்கு ஆறாவது படியோட வேலை முடிஞ்சுது. மூணாவது நாள் சாயந்திரம், சூடு ஆறி, மெழுகு உள்ள போய், நான் ஒரு மயிரிழை இறுக்கினேன். கிரீச். அப்புறம் இந்தப் பக்கம். கிரீச். பாய் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு, "ம்"ன்னார். அவ்வளவுதான் பாராட்டு.

5. அட்ஜஸ்ட் பண்றதும் திரும்ப மாட்டறதும்

கழண்டு வந்த போல்ட்டைப் பாத்தா நடுவுல ரெண்டு மரை மழுங்கி, லேசா இடுப்பு விழுந்திருந்துச்சு. "ஓடும், ஆனா போட மாட்டேன்"னு பாய் ஓரமா வச்சுட்டார். ஹார்டுவேர் கடை போல்ட் ஒண்ணை எடுத்துக் காட்டினேன். அதோட தலையில கிரேடு எண்ணே இல்ல. டன் கணக்குல இழுவை வர்ற இடத்துல அது கூடாது. கும்பகோணத்துல போய் அந்த வண்டிக்கான போல்ட்டையே வாங்கிட்டு வந்தோம்.

எத்தனை சுத்து? மேல எடுத்த அதே தோராய அளவுகள்ல, ஆங்கர் ஆர்ம் 10 செ.மீ., வீல் பக்கம் 35 செ.மீ., அதனால போல்ட்ல 1 மி.மீ. நகர்ந்தா வீல்ல 3.5 மி.மீ. மரையோட பிட்ச் 1.25 மி.மீ.ன்னா ஒரு சுத்துக்கு 4.4 மி.மீ. 25 மி.மீ.க்கு ஆறு சுத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாய் கணக்கு எதுவும் போடாம, "ஆறு வைங்க, பாத்துக்கலாம்"னார்! ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். கடைசியில ஏழு தேவைப்பட்டுச்சு.

வண்டியை இறக்கின உடனே அளக்காதீங்க. டயர் தரையைப் பிடிச்சுக்கிட்டு உண்மையான உயரத்தைக் காட்டாது. ஒரு தெரு ஓட்டிட்டு வந்து, பம்பரை நாலு தடவை அழுத்தி விட்டு, அப்புறம் அளங்க. உயரம் சரியானதும் டை ராடுக்கு வாங்க. அங்கயும் இதே முறைதான். ஒரு எச்சரிக்கை: ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்ட குழாய் மாதிரி அட்ஜஸ்டர்ல ஒரு முனை இடது மரையா இருக்கும், சைக்கிளோட இடது பெடல் மாதிரி. தப்பான பக்கம் திருப்பி பலம் காட்டாதீங்க. அப்புறம் கட்டாயம் வீல் அலைன்மெண்ட். உயரம் மாறினா டோ மாறியே தீரும்.

மாட்டும்போது மரையில ஆன்டி-சீஸ் இல்ல கெட்டி கிரீஸ் பூசுங்க. லாக் நட்டை இறுக்கின பிறகு, வெளிய தெரியற மரை மேல பழைய சைக்கிள் டியூப்பை ஒரு துண்டு வெட்டி மாட்டி, ரெண்டு முனையிலயும் கட்டி விடுங்க. சேறு நேரா படாது. வருஷத்துக்கு ஒரு தடவை, சம்பா நடவு முடிஞ்சு ரோடு சுத்தமான பிறகு, அந்த டியூப்பை எடுத்துப் பாத்து கிரீஸ் வைங்க.

ஒரு விஷயம்: எண்ணெய், கிரீஸ் போட்ட மரையில உராய்வு குறைவு. அதே டார்க்குக்கு போல்ட் அதிகமா இழுபடும். மேனுவல்ல இருக்கற எண் காஞ்ச மரைக்குன்னா, அதை விடக் குறைவா இறுக்குங்க.

6. நம்ம காலேஜ் வண்டிகளுக்கும் இதேதான்

பாஹா போட்டிக்கு வண்டி கட்டற ஜூனியர்ஸ் கவனிங்க. உங்க ஷாக் அப்சார்பர்ல ஸ்பிரிங்கைத் தாங்கற மரை வளையம் இருக்குல்ல, அது அலுமினியம், பக்கத்துல இரும்பு. நடுவுல சேத்துத் தண்ணி இருந்தா அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியத்தைத் தின்னும். வெள்ளைப் பொடி தெரிஞ்சா அதுதான். போட்டி முடிஞ்சு வந்ததும் கழுவாம ஷெட்ல தள்ளிட்டு, அடுத்த வருஷம் பைப் ரெஞ்சு வச்சு திருப்பறதுதான் நம்ம வழக்கம். வளையம் உடையும், மரை போகும்.

அங்க தீயைக் காட்டவே கூடாது. ஷாக்குக்குள்ள எண்ணெயும், பல மாடல்கள்ல அழுத்தத்துல நைட்ரஜனும் இருக்கு. அலுமினிய வளையம் இரும்பு பாடி மேல இருந்தா கொதிக்கிற தண்ணி போதும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். பிரஷ்ல மரையைத் தேய்ச்சு, ஸ்பிரிங் சுமையை எடுத்துட்டு, எண்ணெய் விட்டு, சரியான சி-ஸ்பேனர்ல முன்னயும் பின்னயும் ஆட்டுங்க. பைக்கோட பின் ஷாக்ல இருக்கற படிக்கட்டு வளையத்துக்கும் இதே வைத்தியம்.

கடைசியா

தைப்பூசத்தன்னைக்கு குவாலிஸ் நேரா நின்னுச்சு. கூட்டத்துக்கு நடுவுல தேர் அசைஞ்சு வர்றதைப் பாத்துக்கிட்டே பாய்கிட்ட கேட்டேன், "எப்படி பாய் முதல்ல இறுக்கணும்னு கண்டுபிடிச்சீங்க?" அவருக்கு அவரோட உஸ்தாத் சொன்னது, அவருக்கு யார் சொன்னாங்களோ தெரியாதாம். "ஏன்னு நீங்கதான் தம்பி சொல்லணும், படிச்சவரு"ன்னார். நான் மேல எழுதின காரணத்தைச் சொன்னேன். கவனமா கேட்டுட்டு, "அப்ப வீலைத் தொங்கவிடறது ஏன்?"னு அடுத்த கேள்வி கேட்டார். அங்கேயே நின்னு, ஒரு துண்டுச் சீட்டுல படம் போட்டு விளக்கினேன். வைவாவுல கூட நான் அவ்வளவு தெளிவா சொன்னதில்ல.

மூணு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஸ்பிரிங் இருக்கற எந்த வேலையா இருந்தாலும் சுமையை எடுக்காம ஸ்பேனர் வைக்காதீங்க. ரப்பர் மாதிரி கொடுத்தா நிறுத்துங்க. நாளைக்கு வரட்டும்னு எண்ணெய் விட்டுட்டுப் போறது தோல்வி இல்ல.

இன்னைக்கு வீட்டுக்குப் போனா ஒரு வேலை செய்யுங்க. உங்க வண்டி முன் டயரை நின்னுக்கிட்டுப் பாக்காம, குனிஞ்சு உள்பக்கத்துல கை வச்சுப் பாருங்க. உள்ளயும் வெளியவும் தேய்மானம் ஒரே மாதிரி இல்லைன்னா அட்ஜஸ்டர் பக்கம் போய் எட்டிப்பாக்க வேண்டிய நேரம் வந்தாச்சு.